சின்னராசுவின் தூக்கமும் என் பாக்கெட் நட்டும்

என் தலைக்கு மேலே ஒருத்தன் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். என் குறை இதுதான். மாடி வீட்டுக்காரனைச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் நான் கீழே நின்று கம்பிக் கட்டுக்குச் சங்கிலி மாட்டுகிறவன். அவன் கூரையை ஒட்டி ஓடும் கிரேனில், தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து அதைத் தூக்குகிறவன். நான் விசில் அடித்துக் கை காட்ட வேண்டும், அவன் பார்த்துத் தூக்க வேண்டும். பார்க்க வேண்டியவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். இரண்டு டன் இரும்பு அந்தரத்தில் தொங்குகிறது. அடியில் நான். இந்த ஏற்பாட்டில் ஒருத்தன் எத்தனை வருஷம் வேலை பார்க்க முடியும்? நான் பார்த்தேன்.

அவன் பெயர் சின்னராசு. என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவன் அப்பாவும் என் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் சேற்றில் நின்றவர்கள். நாங்கள் அடுத்தவர் மில்லில் சூட்டில் நிற்கிறோம். எங்கள் குடும்பங்களின் முன்னேற்றம் அவ்வளவுதான்.

ஆள் பெரிய உடம்பு. நூற்று முப்பது கிலோ. ஏணி ஏறி மேலே போனால் ஷிப்ட் முடியும்வரை இறங்க மாட்டான், சோறுகூடக் கயிற்றில்தான் மேலே போகும். ஆனால் கை என்றால் அப்படி ஒரு கை. கம்பிக் கட்டை லாரியில் இறக்கினால் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி சத்தமில்லாமல் இறக்குவான். முழித்திருக்கும்போது.

அசந்துவிட்டால் கொக்கி நின்ற இடத்திலேயே நிற்கும். மில் இரைச்சலில் என் விசில் எடுபடாது. அதனால் பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் ஒரு கைப்பிடி இரும்பு நட்டு வைத்திருப்பேன். ஓங்கி எறிந்தால் கூண்டின் தகரத்தில் டங்கென்று விழும். உடனே மேலே மணி அடிக்கும். 'நான் ரெடி' என்று அர்த்தம். அசந்ததே இல்லை என்பது போல அடிப்பான். சில நட்டு கூண்டுக்குள்ளேயே போய் விழுந்துவிடும். அதைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு ஒரு நாள் மெயின்டனன்சில் புகார் கொடுத்தான்.

"கிரேன்ல எங்கியோ நட்டு கழண்டுகினே கீதுபா. உள்ளார வந்து வுழுது. என் உயிருக்கு யாரு பொறுப்பு?"

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் உயிருக்கு யார் பொறுப்பு என்று நான் யாரைப் போய்க் கேட்பது?

மெயின்டனன்ஸ் ஆட்கள் மேலே ஏறி, முழு கிரேனையும் முறுக்கிவிட்டு வந்தார்கள். அடுத்த மாதம் மறுபடி புகார், மறுபடி முறுக்கு. இப்படியே, அந்த வட்டாரத்திலேயே நன்றாகப் பராமரிக்கப்படும் கிரேன் என்று அது பெயர் வாங்கிவிட்டது. கிரேன் பெயர் வாங்கினால் ஆபரேட்டரும் வாங்க வேண்டுமே. பாதுகாப்பு வார விழாவில், 'விழிப்புடன் பணியாற்றியவர்' என்ற பரிசை சின்னராசுவுக்கு மூன்று தடவை கொடுத்தார்கள். பரிசு ஒரு எவர்சில்வர் ஹாட்பாக்ஸ். கொடுத்தவர் சேஃப்டி ஆபீசர் வசந்தகுமார் சார். மூன்றாவது தடவை மேனேஜர் பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது. பரிசுக்குப் பெயரைக் கூப்பிட்டபோது மேடை நாற்காலியில் விழிப்பு வீரர் தலை தொங்கிக் கிடந்தார். மேடையில் நட்டு எறிய முடியாது. முன்வரிசையில் உட்கார்ந்து உயிர் போகிற மாதிரி இருமினேன்.

அவனுக்கு வைத்தியம் சொல்லாத ஆள் மில்லில் கிடையாது. வெந்நீர் குடி, இடது பக்கமாகப் படு, ராத்திரி சோற்றை நிறுத்து. எல்லாரும் கடைசியில் அவன் தட்டில்தான் வந்து நிற்பார்கள். நான் அவனோடு பங்கு போட்டுத் தின்றவன். என்னைவிடக் குறைவாகத்தான் தின்பான். ஆனால் ஒல்லியாக இருக்கிறவன் எத்தனை பரோட்டா தின்றான் என்று எந்த ஊரிலும் எண்ணுவதில்லை. யாரோ சொன்னார்கள் என்று சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை போனான். ஊரே அங்கே வீடு கட்ட வேண்டிக்கொண்டு போகும், குறட்டைக்காகப் போனவன் இவன் ஒருத்தன்தான். ஆறாவது வாரம் வரிசையில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிட்டான். பின்னால் இருந்தவர்கள் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து வழிவிட்டு நின்றார்களாம்.

அவன் மனைவி கன்னியம்மாதான் ஒரு நாள் ரேஷன் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, கொர்ரு கொர்ருன்னு இழுத்துகினே கீறாரு. திடீர்னு சத்தமே இல்ல. மூச்சே இல்லண்ணா! முதுவுல ஒண்ணு வெப்பேன். தண்ணில மூய்கினவன் மேல வந்தாப்ல, ஹாங்னு இழுத்து முழிச்சிக்குவாரு. மறுபடி அதே கதை. நான் படுத்துத் தூங்கி எத்தினி வருசமாவுது தெரியுமா?"

"டாக்டராண்ட காட்ட வேண்டிதுதான?"

"வந்தாத்தான? தூக்க வியாதின்னு எய்திட்டா கிரேன்லேர்ந்து எறக்கிடுவாங்களாம். கேட்டாண்ட நின்னு லாரிக்கு சலாம் போடறதுக்கு சாவலாம்ன்றாரு. நான் ஒரு நாள் அசந்தேன்னா அதுவே நடந்துடும்ணா."

நாங்கள் எல்லாரும் அவன் குறட்டைக்குப் பயந்தோம். அவள் குறட்டை நிற்பதற்குப் பயந்தாள்.

பிப்ரவரி மாதம், சாயங்கால ஷிப்ட். டீ வேளை. பிகாரிலிருந்து வந்த காண்ட்ராக்ட் ஆட்கள் ஏழெட்டுப் பேர் டீ கேனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சின்னராசு ஒரு கட்டைத் தூக்கி லாரிப் பக்கம் ஓட்டிக்கொண்டு வந்தவன், லாரி வந்தும் நிறுத்தவில்லை. கை லிவரை அழுத்தியபடியே ஆள் அசந்துவிட்டான். கட்டு லாரியைத் தாண்டி நேராக டீ கேனை நோக்கிப் போகிறது. விசில் அடித்தேன். பாக்கெட்டில் இருந்த நட்டு மொத்தத்தையும் எறிந்தேன். மேலே மணி அடிக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தியதில் அந்தப் பசங்க டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கட்டு டீ கேனை அடித்துத் தூக்கிச் சுவரில் வீசியது. அந்தச் சத்தத்தில்தான் கிரேன் நின்றது.

விசாரணை நடந்தது. வைக்கக் கூடாத இடத்தில் டீ கேன் வைத்ததற்காக டீக்காரருக்கு மெமோ கொடுத்தார்கள். வழக்கு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. கம்பெனி பஸ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு நீயா டாக்டராண்ட வரியா, இல்ல நான் வசந்தகுமாரு ரூமுக்குப் போவட்டா?"

"போட்டுக் குட்த்துடுவியா நைனா?"

"அந்தப் பசங்கள்ல ஒருத்தன் பொட்டில ஊருக்குப் போயிருந்தா அவங்க அம்மாவுக்கு யார்டா பதில் சொல்றது? உன் ஹாட்பாக்ஸா?"

பஸ்சில் ஏறியதும் என் தோளில் தலையைச் சாய்க்கிற ஆள், அன்றைக்கு வீடு வரும்வரை கண்ணை மூடவில்லை.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்க வைத்துச் சோதித்தார்கள். தலை, நெஞ்சு, விரல் என்று எல்லா இடத்திலும் ஒயர். ஒட்டி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான். இவ்வளவு ஒத்துழைப்புத் தருகிற பேஷண்டைப் பார்த்ததே இல்லை என்று டெக்னீஷியன் பாராட்டினார். அங்கேயும் ஒரு பரிசு கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

மறுநாள் டாக்டரம்மா கன்னியம்மாவோடு சேர்த்து எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்கள்.

"ஒரு மணி நேரத்துல அறுபது தடவைக்கு மேல மூச்சு நிக்குது. ரொம்பக் கடுமையான நிலை. படுத்ததும் கழுத்துச் சதையும் நாக்கும் சரிஞ்சு காத்து போற வழியை அடைச்சிடுது. மூளை பதறிப்போய் எழுப்பி விடுது. திரும்பத் தூங்கறார், திரும்ப அடைக்குது. இவரைத் தூங்குமூஞ்சின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பல வருஷமா ஒரு ராத்திரிகூட ஒழுங்காத் தூங்காத மனுஷன் இவர்."

எனக்குக் கோபம்தான் வந்தது. தூங்குகிறான் தூங்குகிறான் என்று இத்தனை வருஷம் நட்டு எறிந்திருக்கிறேன். தூங்கவே இல்லையாம்!

வைத்தியம் இரண்டு பக்கம் என்றார்கள். ஒரு சின்ன மெஷின், அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கில் மாட்டுகிற மாஸ்க். அது வெறும் காற்றை மெல்ல ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும். எப்போது படுத்தாலும் மாட்ட வேண்டும். இன்னொரு பக்கம் எடை குறைய வேண்டும். சாப்பாட்டு முறை, நடை, அவர்கள் பார்வையில் வாரம் ஒரு ஊசி. எடை இறங்க இறங்க இந்த அடைப்பும் குறையும், அதுவரை மாஸ்க்கை விடக் கூடாது. டாக்டரம்மா சொல்லும்வரை கிரேனையும் தொடக் கூடாது, வண்டியையும் தொடக் கூடாது.

சின்னராசு கடைசி வார்த்தையை மட்டும்தான் காதில் வாங்கினான்.

"மேடம், லீவு லெட்டர்ல கால் வலின்னு எய்தித் தர முடியுங்களா?"

"உங்களுக்குப் பிரச்சனை தொண்டையிலங்க."

கடைசியில் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று லீவு போட்டான். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. கம்பெனிக்கு விஷயம் கசியக் கூடாது என்பதால், மெஷின் பெட்டி வந்து இறங்கியபோது தெருவில் மிக்சி என்று சொல்லிவிட்டார்கள்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நாஷ்டா முடித்து, பழகிப் பார்க்கலாம் என்று மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தான். கன்னியம்மா வெளியே பூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போய்விட்டாள். அந்தத் தெருவுக்கு அவன் குறட்டை ரைஸ்மில் சத்தம் மாதிரி. ஓடும்வரை யாருக்கும் காதில் விழாது, நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எதிர்வீட்டு லட்சுமியம்மாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். மூக்கில் குழாய், ஆள் அசையவில்லை, சத்தம் இல்லை. கத்திக் கூப்பிட்டும் எழவில்லை. கொரோனா சமயத்தில் அந்தத் தெருவிலிருந்து மூக்கில் குழாயோடு போனவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை. குழாய்க்கு அங்கே ஒரே அர்த்தம்தான்.

எனக்கு மில்லிலிருந்து பரசுராமன் போன் செய்தான். "லோகு, சின்னராசு பூட்டாம்பா. ஊட்லயே மெஷின் வெச்சிப் பாத்துருக்காங்க, நிக்கல."

வண்டிச் சாவியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கையில்தான் இருந்தது. அந்தக் குழாயை மாட்ட வைக்க அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவன் நான். கடைத்தெருவுக்குப் போய் ஒரு மாலை வாங்கினேன். எந்தப் பூ என்று கடைக்காரர் கேட்டதற்கு என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை.

உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆம்புலன்சுக்கு நாம் காத்துக்கிடக்க வேண்டும். சாவுக்கு மட்டும் எங்கள் ஊரில் எல்லாம் பறந்துகொண்டு வரும். நான் போவதற்குள் பந்தல் நின்றுவிட்டது. சிவப்பு நாற்காலி வரிசையாக. ஐஸ் பெட்டி வண்டி தெருவுக்குள் ரிவர்சில் வந்துகொண்டிருந்தது. மேளக்காரர் வைக்கோல் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பேனர் போடுகிற பையன் போனில் போட்டோ காட்டினான். பரிசு வாங்கிய போட்டோ, கண் பாதி மூடியிருந்தது. வேறு போட்டோவே கிடைக்கவில்லையாம். கம்பெனி வாட்ஸப் குரூப்பில் இரங்கல் வந்துவிட்டது: 'கண் துஞ்சாது உழைத்த தொழிலாளி.' டாக்டரம்மா கணக்குப்படி அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வசந்தகுமார் சார் மலர் வளையத்தோடு வந்து நின்றார்.

பூட்டை உடைக்கலாமா, கன்னியம்மா வரட்டுமா என்று ஒரே வாக்குவாதம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். அழக் கூடாது என்று பார்வையை அவன் வயிற்றில் வைத்தேன். வயிறு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. திணறல் இல்லை, இழுப்பு இல்லை. இத்தனை வருஷத்தில் அவன் முகத்தை அப்படிப் பார்த்ததே இல்லை.

"யோவ், உயிரோட கீறான்யா! தூங்கறான்!"

"சும்மா இரு லோகு," என்று லட்சுமியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "அவரு தூங்குனா எப்டி இருக்கும்னு எங்குளுக்குத் தெரியாதா?"

அப்போதுதான் கன்னியம்மா மீன் கூடையோடு தெருமுனையில் திரும்பினாள். பந்தலைப் பார்த்தாள், ஐஸ் பெட்டியைப் பார்த்தாள், கூடையைப் போட்டாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வர, பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து அழ, மேளக்காரர் வேறு ஆரம்பித்துவிட்டார். அவ்வளவு சத்தத்துக்குப் பிறகுதான் ஜன்னலில் ஒரு உருவம் வந்து நின்றது. மூக்கில் மாஸ்க், மார்பில் தொங்கும் குழாய். மாஸ்க்கைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டான்.

"இன்னாடி பேஜாரு இது? யார் ஊட்ல சாவு?"

பாதிக் கூட்டம் ஓடிவிட்டது. ஐஸ் பெட்டிக்காரர் மட்டும் பொறுப்பாக நின்று, "அப்ப பொட்டி வேணாங்களா?" என்றார்.

கன்னியம்மா ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அவன் தோளில் அடித்தாள். "சத்தம் போட்டுத் தூங்குனாலும் உசுர எடுக்கற, போடாம தூங்குனாலும் உசுர எடுக்கறியே!" அடித்த கை அப்படியே அவன் பனியனைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை.

வசந்தகுமார் சாருக்கு மலர் வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சின்னராசு, மூக்குல என்ன மெஷின் அது?"

சின்னராசு என்னைப் பார்த்தான், கன்னியம்மாவைப் பார்த்தான்.

"மிக்சி சார்."

மறுநாள் மேனேஜர் ரூமுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். விஷயம் முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. ஆளை நிரந்தரமாகக் கேட்டில் போடுவது என்று முடிவே செய்திருந்தார்கள். வசந்தகுமார் சார் சாட்சிக்கு என்னைக் கேட்டார்.

"உண்மையச் சொல்லு லோகு. என்னைக்காவது கிரேன்ல தூங்கியிருக்கானா?"

நான் படித்தது ஐந்தாவது வரை. ஆனால் இந்த மில்லில் எந்தக் கேள்வி யாரை வந்து கடிக்கும் என்று தெரியும்.

"சார், முழிப்பா வேலை செய்றவருன்னு நீங்கதான் மூணு தபா பரிசு குட்த்தீங்க. தூங்குனாருன்னு நான் சொல்லிட்டா அந்தப் பரிசு இன்னா ஆவறது?"

சுவரில் அவரும் சின்னராசுவும் ஹாட்பாக்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ மாட்டியிருந்தது. மேனேஜர் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது வியாதி சார்," என்றேன். "மருந்து கீது. டாக்டரம்மா ஏறலாம்னு சொல்ற வரிக்கும் கீழ வெச்சிக்கோங்க. நானே சொல்றேன், அது வரிக்கும் ஏத்தாதீங்க, கீழ நிக்கிறவன் நான்தான். சொன்னப்புறம் ஏத்துங்க. இல்லன்னா ஆரம்பத்துலேர்ந்து பேச வேண்டி வரும். டீக்காரரு மெமோலேர்ந்து."

வசந்தகுமார் சாருக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. மெஷின் தேவைப்படுகிற அளவுக்கு இல்லை, இருமலோடு போய்விட்டது. டாக்டர் அனுமதிக்கும்வரை தற்காலிக மாற்றுப் பணி என்று முடிவானது. டீக்காரர் மெமோவும் சத்தமில்லாமல் காணாமல் போனது. அடுத்த வாரமே 'நல்ல உறக்கம், நல்ல பாதுகாப்பு' என்று பேனர் வைத்து முகாம் நடத்தினார் வசந்தகுமார் சார். பேனரில் அவர் போட்டோதான் பெரிது. எடை குறைக்கிற ஊசி என்ற வார்த்தையைக் கேட்டதும் மில்லே டாக்டர் விலாசம் கேட்டது. பரசுராமன் உட்பட. அவன் எங்கள் எட்டு எம்.எம். கம்பி மாதிரி இருப்பான்.

சின்னராசு கேட்டில் நின்று லாரிக்கு சலாம் போட்டான். எதற்குச் சாவலாம் என்றானோ, அதையே மாதக்கணக்கில் செய்தான். வீட்டிலிருந்து நடந்தே வருவான். வாரா வாரம் ஊசி. படுத்தால் மாஸ்க். முதலில் மூக்குத்தண்டில் புண்ணானது, வேறு அளவு மாஸ்க் மாற்றிக் கொடுத்தார்கள். கரன்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு பேட்டரி வாங்கினான். கன்னியம்மா முதல் வாரம் முழுக்க உட்கார்ந்து பார்த்தாளாம், மூச்சு வருகிறதா என்று. பிறகு அவளே அசந்து தூங்கி, பால்காரர் பெல் அடித்ததுகூடத் தெரியாமல் போக ஆரம்பித்தது.

எனக்கு மேலே புது ஆபரேட்டர் வந்தான். டிப்ளமோ. தூக்கம் என்பதே கிடையாது. ஒரு கையில் லிவர், ஒரு கையில் போன், கண் போனில். தூங்குகிறவனுக்கு நட்டு எறியலாம். முழித்துக்கொண்டு சிரிக்கிறவனுக்கு எதை எறிவது?

மழை ஆரம்பிக்கிற சமயத்தில் பதினெட்டு கிலோ குறைந்திருந்தான் சின்னராசு. அந்த மெஷினே எத்தனை மணி நேரம் மாட்டினான் என்று டாக்டருக்குச் சொல்லிவிடுமாம், ஏமாற்ற முடியாது. பகலில் தூக்கம் அசத்துகிறதா என்றும் தனியாகச் சோதித்தார்கள். ஏறலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாஸ்க்கை விட்டால் அன்றைக்கே இறங்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

முதல் நாள் ஷிப்டுக்கு பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்தான். ஏணிக்கு அடியில் நின்று ஒரு ஹாட்பாக்ஸை என்னிடம் நீட்டினான். அதே பரிசு ஹாட்பாக்ஸ். உப்புமாவாக இருக்கும் என்று திறந்தேன். உள்ளே விளிம்புவரை நட்டு. எல்லாம் என் நட்டு.

"கிரேன்ல இந்த சைஸ் நட்டே கெடையாதுன்னு மொத தபாவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி நைனா."

"அப்புறம் இன்னாத்துக்குடா மாசா மாசம் புகார் குட்த்த?"

"குட்க்கலன்னா, கூண்டுக்குள்ள நட்டு எப்டி வந்துச்சின்னு தேடுவானுங்க. கடைசில உன்னத்தான புடிப்பானுங்க?"

அவன் இரண்டு படி ஏறிவிட்டு, நின்று, கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான்.

"வெச்சிக்கோ, தூக்கிப் போட்டுடாத. மணி அடிக்க ஒரு செகண்டு லேட்டாச்சின்னாலும் யோசிக்காத, எறி. கூண்டுக் கண்ணாடில மட்டும் வேணாம், இப்பதான் புச்சா போட்டுக்கீறாங்க. தகரத்துல அடி."